டயருக்குள் கிடந்த சில்லு

திருத்தணி சித்தூர் ரோட்டில் டயர் கடை வைத்திருந்த ஆதிகேசவனுக்குக் கடவுள் எல்லாவற்றையும் அளவாகத்தான் கொடுத்திருந்தார். பெருமையை மட்டும் அளக்காமல் கொட்டிவிட்டார். தொண்ணூற்று ஒன்றில் லாரிகளுக்குப் பஞ்சர் ஒட்ட உட்கார்ந்தவர். சுத்தியலால் டயரை ஒரு தட்டுத் தட்டி, சத்தத்தைக் கேட்டே உள்ளே எவ்வளவு காற்று என்று சொல்லிவிடுவார். பிறகு மீட்டர் வைத்துப் பார்த்தால் ஒன்றிரண்டு முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான். கிருத்திகைக்கு முருகன் மலைக்கு வரும் வேன்காரர்கள் வேண்டுமென்றே அவரைத் தட்டச்சொல்லி வேடிக்கை பார்ப்பார்கள். "என் கையால ஒரு சாமான் ஒடஞ்சது கெடையாது" என்று அவர் அப்போது சொல்லிக்கொள்வார். யாரும் கேட்காவிட்டாலும் சொல்லிக்கொள்வார்.

இரண்டாயிரத்து ஏழு, ஆடிக்கிருத்திகை கழிந்த வாரம். கே.ஜி.கண்டிகை பூபாலன் ஒரு வெளிநாட்டுக் காரை மெதுவாக உருட்டிக்கொண்டு வந்து கடை முன்னால் நிறுத்தினான். கார் அவனுடையதல்ல. ஆர்.கே.பேட்டையில் விசைத்தறி வைத்திருந்த ராஜகோபாலுடையது. பூபாலன் அவருக்கு டிரைவர். நாலு வருடம் ஓடிய காரை ராஜகோபால் சென்னையில் வாங்கியிருந்தார். டயரில் காற்று குறைந்தால் ஓட்டுகிறவன் கண் முன்னால் மஞ்சளாக ஒரு லைட் எரியும் என்பது அந்தக் காரின் விசேஷம். அதை அவர் சம்பந்தி வீட்டுக்காரர்களிலிருந்து சாயம் போடுகிறவர் வரைக்கும் எல்லோருக்கும் காட்டி முடித்திருந்தார்.

"அந்த லைட்டு எரியுதுண்ணா" என்றான் பூபாலன். "ஆர்.கே.பேட்ட தாண்டி ஒரு பள்ளத்துல வுட்டுட்டேன். அதுல எதுனா ஆயிடுச்சோன்னு பயந்துகினே வந்தேன்."

ஆதிகேசவன் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார். இடது முன்பக்கத்தில் ஒரு ஆணி ஏறியிருந்தது. "ஆணிப்பா. உன் மேல தப்பு இல்ல. போய் டீ சாப்டு" என்று அனுப்பிவைத்தார். பூபாலன் சிரித்தபடி எதிர்க்கடைக்குப் போனான்.

பதினாறு வருடமாகச் செய்த வேலை. சக்கரத்தைக் கழற்றிப் படுக்கவைத்து, காற்றை இறக்கி, வால்வு இருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே நெம்புகோலை நுழைத்து ஒரு அழுத்து அழுத்தினார். உள்ளே 'டக்'கென்று ஒரு சத்தம். டயரைப் பிரித்துப் பார்த்தால் வால்வின் அடியில் கட்டை விரல் அளவுக்குக் கறுப்புப் பெட்டி ஒன்று. அதன் மூலை உடைந்திருந்தது. உடைந்த சில்லு டயருக்குள் கிடந்தது.

அப்படி ஒரு பொருளை அவர் அதுவரை பார்த்ததில்லை. ஆனால் டயருக்குள் எது கிடந்தாலும் என்ன ஆகும் என்று அவரைவிடத் தெரிந்தவர் அந்த ரோட்டில் கிடையாது. ஓடுகிற சக்கரத்துக்குள் ஒரு துண்டு கழன்றுவிட்டால் அது சும்மா கிடக்காது. உருண்டு, அரைபட்டு, முனை மழுங்கி, மேலெல்லாம் ரப்பர் தூள் அப்பிக்கொள்ளும். ஆர்.கே.பேட்டைப் பள்ளத்தில் உடைந்திருந்தால் திருத்தணி வருவதற்குள் அது கூழாங்கல்லாகியிருக்கும். இந்தச் சில்லோ சுத்தமாக இருந்தது. விளிம்பு விரலைக் கீறியது. இப்போதுதான் உடைந்திருக்கிறது. அவர் கையால்தான் உடைந்திருக்கிறது.

எதிர்க்கடையைப் பார்த்தார். பூபாலன் முதுகைக் காட்டிக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தான். ஆதிகேசவன் சில்லைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ஆணி ஏறிய இடத்தை ஒட்டி, பெட்டியை அப்படியே விட்டு, டயரை மூடிக் காற்றடித்து மாட்டிவிட்டார். காற்று இறங்காமல் நின்றது. அதுவே போதும் என்று தன்னைத் தானே சமாதானம் செய்துகொண்டார்.

மறுநாள் ராஜகோபாலே காரில் வந்து இறங்கினார். காற்றடித்த பிறகும் மஞ்சள் லைட் அணையவில்லை. வண்டியை எடுத்ததும் சற்று நேரம் மினுக்கிவிட்டு அப்புறம் எரிந்துகொண்டே இருந்தது. "இன்னா ஆதி, காத்து கரெக்டா வச்சியா?" என்றார்.

ஆதிகேசவனுக்கு நொடியில் விளங்கிவிட்டது. லைட்டுக்குச் சேதி சொல்கிற சாமான் அந்தப் பெட்டிதான். அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லாமல் ஒரு கூத்து நடத்தினார். நாலு டயரிலும் மீட்டர் வைத்தார். சோப்புத் தண்ணீர் ஊற்றிக் குமிழி வருகிறதா என்று குனிந்து குனிந்து பார்த்தார். காற்றை இறக்கித் திரும்ப ஏற்றினார். முன் சக்கரத்தைப் பின்னால் மாற்றிப் போட்டு ஒரு சுற்று ஓட்டிவரச் சொன்னார். எது கெட்டுப்போயிருக்கிறது என்று தெரிந்துகொண்டே அது இல்லாத இடமாகப் பார்த்துத் தேடினார். பூபாலனும் பாவம், கூடவே குனிந்து தேடினான்.

"காத்துல ஒண்ணும் கொற இல்லீங்க. ஒயரிங்கா இருக்கும்" என்று கடைசியில் கைகழுவினார்.

ராஜகோபால் விடுகிற ஆளில்லை. காரைச் சென்னைக்குக் கொண்டுபோனார். அங்கே கையடக்கமான ஒரு கருவியை ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் பிடித்துப் பார்த்தார்களாம். மூன்று சக்கரம் பதில் சொன்னது, ஒன்று சொல்லவில்லை. அதைப் பிரித்தால் உடைந்த பெட்டி. 'பெரிய பள்ளத்தில் இறங்கியிருக்கும், இல்லாவிட்டால் டயரைக் கழற்றும்போது உடைந்திருக்கும்' என்று அவர்கள் இரண்டையும் சொல்லி அனுப்பிவிட்டார்கள். புதுப் பெட்டி வெளிநாட்டிலிருந்து வரவேண்டும்.

ராஜகோபால் அந்த உடைந்த பெட்டியைக் கொண்டுவந்து கடையில் ஆதிகேசவன் முன்னால் வைத்தார். பக்கத்தில் பூபாலன் நின்றான்.

"நீதான பிரிச்ச. அப்ப இது எப்படி இருந்துச்சி?"

தெருவில் நாலைந்து பேர் நின்று பார்த்தார்கள். தன் பெருமையெல்லாம் அந்த நாலைந்து பேர் கண்ணில் இருப்பதுபோல ஆதிகேசவனுக்குப் பட்டது. வாய் கூசாமல் சொன்னார்: "அப்பவே ஒடஞ்சிதாங்க இருந்துச்சி."

ராஜகோபால் டிரைவர் பக்கம் திரும்பினார். "பள்ளத்துல வுட்டியாடா?"

பூபாலன் ஆதிகேசவனை ஒருமுறை பார்த்தான்.

"மலையப் பாத்துச் சொல்லு. வுடலன்னு சொல்லிட்டேன்னா நான் நம்புறேன். அதோட முடிஞ்சிது."

கடையிலிருந்து பார்த்தால் மலை நன்றாகத் தெரியும். பூபாலன் அந்தப் பக்கம் பார்த்தான். அவன் மட்டும் ஒரு பொய் சொல்லியிருந்தால் வேலை நிலைத்திருக்கும். ஆனால் அவன் பார்வையை இறக்கிக்கொண்டு, "வுட்டேன் மொதலாளி. நாந்தான் ஒடச்சிருப்பேன்" என்றான்.

பள்ளத்தில் விட்டதைக்கூட ராஜகோபால் பொறுத்துக்கொண்டிருப்பார். தன்னிடம் அதை மறைத்ததைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. அங்கேயே சாவியை வாங்கிக்கொண்டார். பூபாலன் பஸ் ஏறி வீட்டுக்குப் போனான். ஆதிகேசவன் அன்று சாப்பிடவில்லை. சட்டைப்பையில் கிடந்த சில்லை எடுத்துச் சாக்கடையில் போட்டார். போட்ட பிறகும் அந்தப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு வேன்காரர்கள் டயரைத் தட்டச் சொன்னால், "மீட்டர் இருக்குதே" என்று மழுப்புவார். நாளைக்குப் போய்ச் சொல்லிவிடலாம் என்று இரண்டு வருடம் இருந்தார். ஒவ்வொரு நாள் தள்ளிப்போட்டதற்கும் வேறு வெட்கப்படவேண்டியிருந்ததால், சொல்வது நாளுக்கு நாள் கஷ்டமாகிக்கொண்டே போனது.

இரண்டாயிரத்து ஒன்பதில் ஒருநாள் காலை பத்து மணிக்கு, பூபாலன் சைக்கிளில் வந்தான். மார்க்கெட்டில் மூட்டை தூக்குவதாகச் சொன்னான். இரண்டு டயருக்கும் ஆதிகேசவனே காற்றடித்தார். அந்த நேரம் கடை முன்னால் ஒரு வேன் வழியை அடைத்துக்கொண்டு நின்றது. அதன் டிரைவர் சாவியைக் கடையில் கொடுத்துவிட்டு எதிர்க்கடையில் இருந்தான். "பூபாலா, அத்த கொஞ்சம் பின்னால எடுத்துப் போடு" என்று ஆதிகேசவன் சாவியை நீட்டினார்.

பூபாலன் கையை இழுத்துக்கொண்டான்.

"வேணாண்ணா. நான் இப்ப வண்டி தொடறதில்ல."

"ஏம்பா?"

"உள்ள ஒரு சாமான் ஒடஞ்சதே தெரியாத அத்தினி தூரம் ஓட்டிகினு வந்தவன் நானு. நாளிக்கு ஆளு மேல ஏத்தினாலும் தெரியாத போயிடும். ஸ்டேரிங்ல ஒக்காந்தா கை நடுங்குதுண்ணா."

வேலை போனது மட்டும்தான் தன் பாவம் என்று ஆதிகேசவன் அதுவரை நினைத்திருந்தார். தன் கையின் பெயரைக் காப்பாற்ற இன்னொருவன் கையையே முடக்கிவிட்டிருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது. சாவி நீட்டிய கை நீட்டியபடியே இருக்க, "நீ ஒடைக்கலப்பா. நான்தான் ஒடச்சேன். நெம்புறப்ப ஒடஞ்சிது" என்றார்.

அடி விழும் என்று எதிர்பார்த்தார். விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பூபாலனோ அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "நெஜமாவாண்ணா? நான் ஒடைக்கலியா?" அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். டீக்கடைக்காரரைக் கூப்பிட்டான், வேன் டிரைவரைக் கூப்பிட்டான். "அண்ணன் சொல்றதக் கேளுங்க. இன்னொரு தபா சொல்லுங்கண்ணா." ஆதிகேசவன் சொன்னார். இரண்டாவது தடவை முதல் தடவையைவிடக் கஷ்டமாக இருந்தது.

பூபாலன் செல்போனில் மனைவி சுதாவைப் பிடித்து, போனை அவர் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்தான். "அதுக்கும் ஒரு தபா சொல்லுங்க." மூன்றாவது தடவையும் சொன்னார்.

போனில் சுதாவின் குரல் பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்டது. "உங்களுக்கு எப்பண்ணா தெரியும்?"

இன்னொரு பொய்க்கு அவரிடம் தெம்பு இல்லை. "அன்னிக்கேம்மா" என்றார்.

பூபாலன் போனை மெல்ல இறக்கினான். அவன் முகத்திலிருந்த வெளிச்சம் போய்விட்டது. ஆதிகேசவன் கையிலிருந்த சாவியை எடுத்துக்கொண்டு வேனில் ஏறினான். மின்கம்பத்துக்கும் சாக்கடைக்கும் நடுவில் ஒரே மூச்சில் பின்னால் எடுத்து நிறுத்தினான். கை நடுங்கவில்லை. இறங்கி, சாவியை வேன் டிரைவரிடம் கொடுத்தான்.

பிறகு சைக்கிளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு சக்கரத்திலும் வால்வைத் திருகி, ஆதிகேசவன் அடித்த காற்று முழுவதையும் இறக்கிவிட்டான். தட்டையான டயர்களோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கே.ஜி.கண்டிகைப் பக்கம் நடந்தான்.