தலையணைக் கம்பெனியில் ஓர் அபாயம்

தலையணை தயாரிக்கும் அந்தக் கம்பெனியில் அவருக்கு ‘அபாயம் மேடம்’ என்று பெயர். அடையாள அட்டையில் ‘அபாய மதிப்பீட்டு அலுவலர்’ என்று நீளமாக இருந்ததைத் தையல் பிரிவுப் பெண்கள் வாய்க்கு வசதியாகக் கத்தரித்துவிட்டார்கள். “அபாயம் வருது, கத்தரிக்கோல எடுத்து உள்ள வை” என்பார்கள். “அபாயம் இன்னிக்கி லீவாம்” என்பார்கள். புதிதாக வந்த லாரி டிரைவர் ஒருவர் கையெழுத்து வாங்க ஆபீஸ் வாசலில் நின்றபோது, “கொஞ்சம் இருங்க, உள்ள அபாயம் சாப்பிட்டுக்கிட்டு இருக்கு” என்று பதில் கிடைக்கவே, அவர் திரும்பிப் போய் லாரியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

மேடம் இந்த வேலைக்குப் படித்து வந்தவரல்ல. வரவேற்பறையில் போன் எடுத்துக்கொண்டிருந்தவர். முன்பு இதைப் பார்த்துக்கொண்டிருந்தவர், “பஞ்சு மூட்டைல என்னங்க ரிஸ்க் இருக்கு, ஒரு மரியாதையே இல்ல” என்று அலுத்துக்கொண்டு ஒரு சிமெண்ட் ஆலைக்குப் போய்விட்டார். இனி யார் பார்ப்பது என்று மேனேஜர் கூட்டம் போட்டுக் கேட்டபோது எல்லோரும் குனிந்து தங்கள் செருப்பைப் பார்த்தார்கள். மேடம் மட்டும் கையைத் தூக்கினார். மேனேஜர் தலைக்கு மேலே ஓடிக்கொண்டிருந்த மின்விசிறி ஆட்டம் காண்கிறது என்று சொல்லத்தான் தூக்கினார். மேனேஜர் நிமிர்ந்து விசிறியைப் பார்த்தார், நாற்காலியை ஓரமாக நகர்த்திக்கொண்டார், “அப்ப நீங்களே பாருங்க மேடம்” என்றார். அவ்வளவுதான்.

எடுத்த வேலையை ஏனோதானோ என்று செய்யும் பழக்கம் மேடத்துக்குக் கிடையாது. கணக்கு சுலபமானது. ஒரு விபத்து நடக்க எவ்வளவு வாய்ப்பு, நடந்தால் எவ்வளவு அடி என்று இரண்டுக்கும் ஐந்துக்குள் மார்க் போட்டு, இரண்டையும் பெருக்க வேண்டும். கம்மியாக வந்தால் பச்சை. நடுவில் நின்றால் ஆரஞ்சு. எகிறினால் சிவப்பு. தையல் மெஷின் ஊசிகளுக்குத் தடுப்பு போட வைத்தார். பஞ்சு அடைக்கும் இடத்தில் முகக்கவசம் போடாதவரை உள்ளே விடமாட்டார். பழைய ஒயரையெல்லாம் பிடுங்கிப் புதிது இழுக்க வைத்தார். கொஞ்ச காலத்தில் சுவரில் மாட்டியிருந்த அட்டவணை முழுக்கப் பச்சைப் பசேல் என்று ஆகிவிட்டது.

இத்தனை கெடுபிடியும் கம்பெனிக்குள்தான். வீட்டில் மேடம் வேறு ஆள். பல்பு மாற்ற வேண்டுமென்றால் மேஜை மேல் நாற்காலி, நாற்காலி மேல் முக்காலி போட்டு ஏறிவிடுவார். கீழே முக்காலியைப் பிடித்துக்கொண்டு நடுங்குவது அவர் கணவர். அவர் டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுப்பவர். நாளெல்லாம் அடுத்தவர் ஓட்டும் வண்டியில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதால் வீட்டுக்கு வந்த பிறகும் அவர் வலது கால் பிரேக்கைத் தேடிக்கொண்டே இருக்கும். “ஏங்க, காலை வெச்சுக்கிட்டுச் சும்மா இருங்க, முக்காலி ஆடுது” என்பார் மேடம் மேலிருந்து.

சிக்கல் ஹெட் ஆபீசிலிருந்து வந்தது. அங்கே பாதுகாப்பு அதிகாரி ஒருவர் இருந்தார். நேரில் யாரும் பார்த்ததில்லை, போனில் குரல் மட்டும்தான் வரும்.

“மேடம், உங்க அட்டவணையில சிவப்பே இல்லையே.”

“ஆமா சார். எல்லாத்தையும் சரி பண்ணிட்டோம்.”

“சிவப்பு இல்லன்னா சரியாப் பார்க்கலன்னு அர்த்தம். நம்ம குரூப்ல கட்டில் செய்யற கம்பெனி இருக்கே, அங்க பதினோரு சிவப்பு. எவ்வளவு அக்கறையாப் பார்த்திருக்காங்க பாருங்க.”

மேடத்துக்குச் சுருக்கென்றது. சரியாகப் பார்க்கவில்லை என்று அவரை அதுவரை யாரும் சொன்னதில்லை. மறுநாளிலிருந்து குனிந்தும் நிமிர்ந்தும் கட்டடம் முழுக்கச் சிவப்பைத் தேடினார். கிடைத்தபாடில்லை. கடைசியில் கிடங்குக்குப் போனார். கூரை வரைக்கும் தலையணைகளை அடுக்கி வைத்திருந்தார்கள்.

“தம்பி, இது சரிஞ்சு ஆள் மேல விழுந்தா என்ன ஆகும்?”

கிடங்குக்காரர் வாட்டசாட்டமான ஆள், பேச்சு கம்மி. ஐந்து மாதத்துக்கு முன்புதான் அவருக்குக் குழந்தை பிறந்திருந்தது. அன்றிலிருந்து கண் இரண்டும் ரத்தச் சிவப்பு. “தெரியல மேடம். விழுந்து பார்த்தாத்தான் தெரியும்” என்றார்.

“விழுந்து பார்க்கறீங்களா?”

“சரிங்க மேடம்.”

இப்படித்தான் அது நடந்தது. மேடம் அவருக்கு ஹெல்மெட் மாட்டிவிட்டார், கையுறை போட்டுவிட்டார், அவசரம் என்றால் ஊதுவதற்குக் கழுத்தில் ஒரு விசிலையும் தொங்கவிட்டார். பேக்கிங் ஆட்கள் நீளக் கழியால் ஓர் அடுக்கைத் தள்ளினார்கள். அது அடுத்த அடுக்கில் சாய்ந்தது, அடுத்தது அதற்கடுத்ததில். ஓசையே இல்லாமல் கிடங்கு மொத்தமும் சரிந்து, கதவு வரைக்கும் வெள்ளை வெளேரென்று வந்து நின்றது.

“தம்பி, அடி பட்டுச்சா?”

“இல்ல மேடம்” என்றது உள்ளிருந்து ஒரு குரல்.

“மூச்சு விட முடியுதா?”

“நல்லா முடியுது மேடம்.”

“எப்படி இருக்கு?”

பதில் இல்லை. இன்னொரு தடவை கேட்டார். விசில் ஊதச் சொன்னார். ஒன்றும் வரவில்லை. அபாய மணியை அடித்துவிட்டார். எல்லோரும் ஓடிவந்து மைதானத்தில் வரிசை கட்டினார்கள். தலை எண்ணியதில் ஒன்று குறைந்தது. தீயணைப்பு வண்டி வந்தது.

“எங்க எரியுது?” என்று குழாயைப் பிடித்தபடி கேட்டார் தீயணைப்புத் தலைவர்.

“எங்கயும் எரியல சார். ஒருத்தர் தலையணைக்கு அடியில இருக்கார்.”

தீயணைப்புத் தலைவர் அதை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். பிறகு குழாயைக் கீழே வைத்தார். மைதானம் வரை ஆட்கள் வரிசையாக நின்று தலையணைகளைக் கைமாற்றினார்கள். ஊரே கூடி அள்ளியும் பாதிதான் குறைந்திருந்தது. அப்போது தையல்காரப் பெண் ஒருத்தி, “உஷ், மெஷின் ஓடற மாதிரி கேக்குது” என்றாள். குறட்டை. ஹெல்மெட் ஒரு பக்கம் சரிய, விசில் உதட்டோரம் கிடக்க, கிடங்குக்காரர் ஒருக்களித்துப் படுத்து, உலகத்தையே மறந்தவர்போல் தூங்கிக்கொண்டிருந்தார். உலுக்கியதும் கண்ணைத் திறந்து, “குழந்தை அழுதுச்சா?” என்றார்.

மேடம் பொய்க் கணக்கு எழுதமாட்டார். ‘தலையணை சரிதல்: பச்சை’ என்று எழுதினார். கீழே புதிதாக ஒரு வரி சேர்த்தார். ‘தூக்கம்: வாய்ப்பு ஐந்து, அடி ஐந்து.’ தீயணைப்பு வண்டியே வந்துவிட்ட பிறகு ஐந்துக்குக் குறைத்துப் போட அவருக்கு மனசு வரவில்லை. ஹெட் ஆபீஸ் குரலில் அன்றைக்குத்தான் முதல்முறையாகச் சந்தோஷம் தெரிந்தது. “இதைத்தானே சொன்னேன்” என்றது.

தடுப்பு நடவடிக்கைகள் வந்திறங்கின. எந்தத் தலையணையும் ஊழியரின் தலைமட்டத்தில் இருக்கக் கூடாது. அடிக்கடி மணி அடிக்க வேண்டும். தலையணையில் தலை வைத்துப் பார்த்துத் தரம் சொல்லும் அம்மா ஒருவர் இருந்தார், இருபது வருஷ சர்வீஸ். அவர் இனிப் படுக்காமல், தலையணையைச் சுவரில் வைத்து, நின்றபடி சாய்ந்து பார்க்க வேண்டும் என்று உத்தரவு.

“நின்னுக்கிட்டே தூங்கறவங்களுக்கா நாம தலையணை விக்கிறோம்?” என்று கேட்டார் அந்த அம்மா.

எது செய்தும் பலனில்லை. கிடங்குக்காரர் தள்ளுவண்டியின் கைப்பிடியில் சாய்ந்து தூங்கினார். மணி அடித்தால், “இதோ பால் கலக்கறேன்” என்று முனகிவிட்டு மறுபடி தூங்கினார். சிவப்பு சிவப்பாகவே நின்றது.

“மூல காரணத்தைப் பாருங்க மேடம்” என்றது குரல். “மூல காரணம் என்ன?”

“அவர் குழந்தை சார்.”

“அப்ப அதை மதிப்பிட்டு அனுப்புங்க.”

அன்று சாயங்காலம் இதைக் கேட்ட கணவர், வாய்க்குக் கொண்டுபோன கவளத்தைத் தட்டிலேயே போட்டார். “குழந்தைய எப்படி மதிப்பிடுவ?”

“மத்த எதையும் மதிப்பிடற மாதிரிதான். கிட்டப் போய்ப் பார்க்கணும்.”

மறுநாள் மதியம் கிடங்குக்காரர் வீட்டுக்குப் போனார். மாடியில் இரண்டு அறைகள். குறுக்கே கட்டிய கயிற்றில் துணி காய்ந்துகொண்டிருந்தது. தையல் கோணலானதால் கம்பெனியில் கழித்துக்கட்டிய தலையணைகள் மூலைக்கு மூலை கிடந்தன. கிடங்குக்காரர் மனைவி ஒரு காலில் ஒரு செருப்பும் மறுகாலில் வேறு செருப்புமாகக் கதவைத் திறந்தாள். தோளில் குழந்தை கத்திக்கொண்டிருந்தது.

“வாங்கக்கா. ஆபீஸ்ல இருந்து வருவாங்கன்னு சொன்னார். குழந்தைய என்ன பண்ணப் போறீங்க?”

“ஒண்ணும் பண்ணமாட்டேன்மா. பார்த்து எழுதிக்கிட்டுப் போயிடுவேன்.”

“நானும் அஞ்சு மாசமாப் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்.”

“எப்ப எப்ப அழும்?”

“எப்ப அழாதுன்னு கேளுங்க, அதைச் சொல்றது சுலபம்” என்றவள், குழந்தையை நீட்டினாள். “ஒரு நிமிஷம் பிடிங்கக்கா. மூஞ்சியக் கழுவிட்டு வந்துடறேன்.”

மேடம் எழுதக் கொண்டுவந்த அட்டையைக் கீழே வைத்துவிட்டுக் குழந்தையை வாங்கிக்கொண்டார். அவள் துண்டை எடுக்கக் குனிந்தாள், அங்கிருந்த தலையணை மேல் உட்கார்ந்தாள், துண்டு கையில் இருக்க அப்படியே சாய்ந்துவிட்டாள். மேடம் இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தார். அதற்குமேல் கூப்பிடவில்லை.

நடந்தால் குழந்தை சும்மா இருந்தது. நின்றால் வீரிட்டது. ஆகவே மேடம் நடந்தார். அந்த அறையிலிருந்து இந்த அறை, துணிக்கயிற்றுக்கு அடியில் குனிந்து மறுபடியும் அந்த அறை. கை மரத்துப்போனது. வெயில் சன்னலை விட்டு இறங்கிப் போனது. சாயங்காலம் கிடங்குக்காரர் வந்தார். தூங்கும் மனைவியைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார்.

“என்ன மேடம் பண்ணீங்க?” என்றார் கிசுகிசுப்பாக.

“நடந்தேன்.”

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கதவைச் சாத்தி அதிலேயே சாய்ந்து உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் தூங்கிவிட்டார். அவ்வளவு பெரிய ஆளைத் தாண்டி வெளியே போக வழியில்லை. மேடம் போனில் கணவரைக் கூப்பிட்டார். அவர் வந்து கதவை அங்குலம் அங்குலமாகத் தள்ளி, கிடைத்த இடைவெளியில் உடம்பைக் குறுக்கி நுழைந்தார். குழந்தையை வாங்கிக்கொண்டு, “மெதுவா, மெதுவா, திருப்பத்துல பாத்து” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நடந்தார். அவர் நடையில் அது கண் அசந்தது. மேடம் பிரமித்துப்போய்ப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அறிக்கையில் அவர் எழுதியது இதுதான்: குழந்தை சாதாரணக் குழந்தை, அதன்மேல் தப்பு இல்லை. இருக்கும் கைகள் போதவில்லை. தினமும் மதியம் இன்னும் ஒரு ஜோடி கை தேவை. ஹெட் ஆபீசுக்கு இது புரிந்ததோ இல்லையோ, சிவப்பைக் குறைக்க ஒரு வழி எழுதியிருந்ததால் சம்மதம் வந்துவிட்டது. கம்பெனி நேரத்தில் முறை வைத்துக் குழந்தை தூக்கப் போகலாம். தையல் பிரிவில் அதற்கு அடிதடி நடக்காத குறை. தரம் பார்க்கும் அம்மா, “எனக்குச் சுவத்துல சாயாம செய்யற வேலை ஒண்ணாவது குடுங்க” என்று செவ்வாய்க்கிழமையைப் பிடித்துக்கொண்டார். வியாழக்கிழமைக்கு மேனேஜரே பெயரைக் கொடுத்தார்.

மதியம் தூங்கி எழுந்த மனைவி ராத்திரியில் குழந்தையைப் பார்த்துக்கொண்டதில், ஒரு மாதத்தில் கிடங்குக்காரர் நடந்துபோவது தெரிந்தது. அதற்கு முன்பெல்லாம் அவர் தூக்கத்தில் மிதந்துகொண்டுதான் இருந்தார். சிவப்பு ஆரஞ்சானது. பச்சையாகப் போகிற சமயத்தில் மேனேஜர் மேடத்தின் மேஜைக்கு வந்து, காகிதம் எதையோ தேடுவதுபோல் நின்றார்.

“மேடம், அது பச்சையானா முறையெல்லாம் நின்னுடுமா?”

“நின்னுடும் சார்.”

“வியாழக்கிழமை மட்டும் இருக்கட்டுமே. வேற ஒண்ணுமில்ல, பழகிடுச்சு.”

அவர் போனதும் மேடம் கிடங்குக்காரர் மனைவிக்குப் போன் செய்து பேச்சுவாக்கில் விசாரித்தார். “சார் வந்தா அது தூங்கவே தூங்காதுக்கா. பேசிக்கிட்டே இருப்பார்” என்றாள் அவள். “ஆனா நான் நல்லாத் தூங்கிடுவேன்.”

வியாழக்கிழமை மேடம் நேரில் போனார். கதவு ஒருக்களித்திருந்தது. மேனேஜர் ஷூவைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தார். குழந்தை அவர் டையை வாயில் போட்டு ஊறவைத்துக்கொண்டிருந்தது. “போன மாசத்தைவிடத் தலையணை விற்பனை கொஞ்சம் மந்தம்தான்” என்று அதனிடம் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார் மேனேஜர். “ஆனா கவலைப்பட ஒண்ணுமில்ல.” குழந்தை பொக்கை வாயால் சிரித்தது. உள் அறையில் தாய் அசையாமல் தூங்கினாள்.

மேடம் சத்தம் வராமல் படியிறங்கினார். அந்த மாத அட்டவணையில் அந்தக் கட்டம் ஆரஞ்சாகவே போனது. அதற்கடுத்த மாதமும் அப்படியே. குழந்தை எழுந்து நடக்க ஆரம்பித்து, பிடிக்கப் போனவர்களையெல்லாம் மூச்சுவாங்க வைத்த பிறகுதான் அவர் பச்சைப் பேனாவை எடுத்தார்.