முழு ஒரு நிமிஷம்

ஸ்டெதாஸ்கோப் குழலை நோயாளியின் மார்பில் வைக்கும் முன் அதன் வட்டைக் கைக்குள் பொத்திச் சூடாக்கிக்கொள்வாள் அந்த நர்ஸ். சில்லென்று பட்டால் மனுஷன் திடுக்கிடுவானே என்றுதான். இருபத்தாறு வருஷமாக ஒரே வார்டு. எல்லோருக்கும் பெரிய சிஸ்டர். ஏன் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை என்று யாராவது கேட்டால், "நாற்பது கட்டில் போதாதா?" என்பாள்.

ஒன்பதாம் கட்டிலில் ஒரு தையல்காரர். வயிற்றில் ஆபரேஷன் முடிந்து நாலு நாள். அவர் மனைவி பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாடி பார்த்த பிறகும் பெரிய சிஸ்டர் மணிக்கட்டை விடமாட்டாள். கண் மட்டும் மார்புக்குப் போய்விடும். மூச்சை எண்ணுவது தெரிந்தால் மூச்சே மாறிவிடுமாம். அதனால் இந்தக் கள்ளத்தனம். முழு ஒரு நிமிஷம்.

தையல்காரருக்கு வாய் சும்மா இருக்காது. "என் வீட்டுக்காரிகூட இவ்வளவு நேரம் என் கையைப் பிடிச்சதில்ல சிஸ்டர்."

"பேசாதீங்கண்ணே, எண்ணிக்கை விட்டுப்போச்சு. இனி முதல்லேர்ந்து பிடிக்கணும்."

"நல்லாப் பிடிங்க," என்றாள் மனைவி. "எனக்குக் கொஞ்சம் ஓய்வு."

ஐந்தாம் நாள் காலை எங்கோ பஸ் கவிழ்ந்து ஆறு பேரைக் கொண்டுவந்து போட்டார்கள். பெரிய சிஸ்டர் ஓட்டமும் நடையுமாக வந்தாள். பிரஷர் பார்த்தாள், தாளில் மளமளவென்று எழுதினாள், போய்விட்டாள்.

"இன்னிக்கு நம்ம கை வேண்டாமாக்கும்," என்றார் அவர். அதைச் சொல்லி முடிக்க இரண்டு தடவை மூச்சு வாங்கியது. சிரிப்பில்தான் என்று நினைத்துக்கொண்டாள் மனைவி.

மதியம் வந்து மணிக்கட்டைப் பிடித்தவள் விடவேயில்லை. நிமிஷத்துக்கு முப்பத்தாறு மூச்சு.

சின்ன டாக்டர் தாளைப் பார்த்தார். "காய்ச்சல் இல்ல, பிரஷர் சரியா இருக்கு. காலைல மூச்சு பதினெட்டுதானே? வலியா இருக்கும். சாயந்தரம் பாப்போம்."

"காலைல எழுதினதை விடுங்க டாக்டர். இப்ப நான் எண்ணியிருக்கேன்."

அவர் சரி சொல்லக் காத்திராமல் ஆக்ஸிஜனை வைத்தாள், பெரிய டாக்டரைத் தானே போனில் கூப்பிட்டாள். கட்டிலோடு தள்ளிக்கொண்டு போனார்கள். கால் ரத்தக்குழாயில் உறைந்த ரத்தம் நுரையீரலில் போய் அடைத்திருந்ததாம். மறுநாள் மதியம் வரை இருந்தார். அவ்வளவுதான் ஆண்டவன் அளந்தது.

மனைவிக்கு அழுகை வரவில்லை. காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டாள். அவர் சட்டையை மடித்தபோது இரண்டாவது பட்டன் தொங்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்குப் போனதும் அவரிடம் கொடுத்துத் தைக்கச் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். நினைத்தது தப்பு என்றுகூட உடனே உறைக்கவில்லை.

வாசலில் வண்டிக்காக நின்றவளிடம் பெரிய சிஸ்டர் வந்தாள். அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். எதையும் எண்ணவில்லை.

"அக்கா, நேத்துக் காலைல நான் எண்ணல. முந்தின வரியைப் பாத்துப் பதினெட்டுன்னு எழுதிட்டேன். பெரிய டாக்டர்கிட்டயும் சொல்லிட்டேன். உங்ககிட்ட மறைச்சா நாளைக்கு நான் இன்னொருத்தர் கையைப் பிடிக்க முடியாது."