ஐந்து நாற்பத்தேழுக்கு வந்த மெத்தை விளம்பரம்

செய்தி வந்தபோது காலை மணி ஐந்து ஐம்பத்திரண்டு. உண்மையில் அது அதற்கு முன்பே இரண்டு முறை வந்தது. இரண்டு முறையும் லிஃப்ட்காரரின் மனைவி இணைப்பைத் துண்டித்துவிட்டாள்.

அவளைக் குறை சொல்ல முடியாது. பதினான்கு வருடம் காத்திருந்த படம் அப்போதுதான் டிவியில் வந்து நின்றிருந்தது. அதைப் போனில் படம் பிடிக்கப் போகிற நேரம் பார்த்து மணி அடித்தால் கேமரா மறைந்துவிடுகிறது. திரை முழுக்க ஏதோ ஒரு எண் வந்து சட்டமாக உட்கார்ந்துகொள்கிறது. “இந்த நேரத்துல யாரு உசுர வாங்கறது” என்று சொல்லி வெட்டினாள். மறுபடி அடித்தது. மறுபடி வெட்டினாள். மூன்று படம் எடுத்து, ஒவ்வொன்றையும் பெரிதாக்கி, எழுத்தெல்லாம் தெளிவாக விழுந்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் மூன்றாவது அழைப்பை எடுத்தாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து பேசினார்கள். ஐந்து முப்பத்தொன்றுக்கு அவர் போய்விட்டாராம்.

“சரிங்க” என்றாள். பிறகு, என்ன பேசுகிறோம் என்று தெரியாமலேயே, “இங்க வந்துருச்சுன்னு அவர்கிட்ட சொல்லிடுங்க” என்றாள்.

லிஃப்ட்காரர் இருபத்தாறு வருடம் அந்த ஊர் லிஃப்ட்டுகளைப் பழுது பார்த்தவர். ஆட்களை மேலும் கீழுமாக அனுப்பிவைப்பது பிழைப்பு. பிழைப்பு போக மிச்ச நேரமெல்லாம் அவருடைய கவனம் பக்கவாட்டில், வெகு தூரத்தில் இருந்தது. கேபிள் இல்லாமல், கிண்ண ஆன்டெனா இல்லாமல், கோபுரத்திலிருந்து காற்றில் வருகிற டிவி ஒளிபரப்பை வீட்டு ஆன்டெனாவில் பிடிப்பார். பக்கத்து ஊர்க் கோபுரத்தை அல்ல. அதை யார் வேண்டுமானாலும் பிடிக்கலாம். ஒரு கோபுரத்தின் அலை சாதாரணமாக எழுபது, எண்பது கிலோமீட்டரில் சோர்ந்துபோகும். ஆனால் காற்று அசையாமல் நிற்கிற சில விடியற்காலைகளில், குளிர்ந்த காற்றின் மேல் சூடான காற்று மூடி போட்டதுபோல் படிந்துவிடும். அந்த மூடிக்கு அடியில் அலை வழுக்கிக்கொண்டே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வந்துவிடும். அப்படி வருவதைப் பிடித்து எழுதி வைப்பதற்கென்றே ஊரில் ஒரு சங்கம் இருந்தது. மொத்தம் ஏழு உறுப்பினர்கள். அதில் இரண்டு பேருக்குள் பேச்சுவார்த்தை கிடையாது.

வருகிற நிகழ்ச்சி என்ன என்பதில் அவருக்கு அக்கறையே இல்லை, ஒன்றைத் தவிர. அறுநூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளியிருந்த ஒரு நிலையம் கோடையில் அடிக்கடி வரும். அதன் வானிலை அறிக்கையை அவர் அப்படியே நம்பினார். லிஃப்ட்காரர் குடையோடு வேலைக்குப் போனால் தெருவில் வெயில் கொளுத்துகிறது என்று பொருள்.

மொட்டை மாடியில் பதினெட்டு அடிக் குழாய். அதன் உச்சியில் பெரிய மீனின் முள்ளைப்போல் ஆன்டெனா. குழாயின் அடியில் மனைவியின் நகப்பூச்சால் திசைக்கு ஒரு புள்ளி வைத்திருந்தார். சிவப்புப் புள்ளி கடல் பக்கம் பார்க்கும். அந்தப் பக்கம், தண்ணீருக்கு அப்பால், ஆயிரத்து நூற்று நாற்பது கிலோமீட்டரில் நாற்பத்தொன்றாம் அலைவரிசை இருந்தது. சங்கத்தில் யாரும் பிடிக்காதது அது. ஓட்டுநர் பள்ளி நடத்துகிற உறுப்பினர் ஒருவர் ஆயிரத்துத் தொண்ணூறு வரை பிடித்திருந்தார். அதை அவர் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். கியர் மாற்றக் கற்றுக்கொள்ள வந்தவர்களிடம்கூட.

மேலே லிஃப்ட்காரர் குழாயைத் திருப்புவார். கீழே ஹாலில் மனைவி திரையில் தெரிகிற சிக்னல் எண்ணைப் பார்த்து ஜன்னல் வழியாகக் கத்துவாள். “பன்னெண்டு! பதினெட்டு! முப்பத்தொண்ணு, நிறுத்துங்க, நிறுத்துங்க! அய்யோ, பூஜ்யம்!” பல் மருத்துவர் ஒருவரிடம் வரவேற்பு மேசையில் வேலை பார்ப்பவள் அவள், யாருக்கு எந்தப் பல், எத்தனை மணி என்பதைத் தெளிவாகச் சொல்லிப் பழகிய குரல். தெருவே கேட்கும். கீழ்வீட்டு அக்கா, இதெல்லாம் லிஃப்ட்காரரின் பிரஷர் என்றே பல வருடமாக நினைத்துக்கொண்டிருந்தாள். இப்படிக் குதித்து விழுகிற பிரஷரை வைத்துக்கொண்டு மனிதர் மொட்டை மாடியில் போய் நிற்கிறாரே என்று அவளுக்கு ஆதங்கம்.

ஒரு முறை எழுநூற்றுச் சொச்சம் கிலோமீட்டரிலிருந்து அருமையான படம் ஒன்று வந்தது. லிஃப்ட்காரர் அப்போது குளியலறையில் இருந்தார். மனைவி கத்திய கத்தலில் தலையில் சோப்பு நுரையும் இடுப்பில் துண்டுமாக ஓடி வந்தார். அதற்குள் திரை கறுத்துவிட்டது.

“அதனாலென்ன, நான்தான் போட்டோ எடுத்துட்டேனே. எழுதுங்க” என்றாள்.

“நான் பாக்கல.”

“நான் பாத்தேன்ல?”

“அப்ப அது உன்னுது. சங்கத்துல சேந்து உன் பேர்ல எழுதிக்க. பாக்காதத என் பேர்ல எழுத மாட்டேன்.”

கண்ணில் சோப்பு எரிய எரிய இதைச் சொன்னார். அன்று முழுக்க அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. நோட்டில் அந்தத் தேதிக்கு ஒரு கோடு மட்டும் போட்டு வைத்தார்.

வீட்டு மாடி அவருக்குப் போதவில்லை. கடலோரமாக எட்டு மாடிக் கட்டடம் ஒன்று இருந்தது. அதன் லிஃப்ட் மாதிரி நல்ல லிஃப்ட் ஊரிலேயே கிடையாது. அதுதான் அடிக்கடி பழுதானது. காற்று நின்ற நாளாகப் பார்த்து லிஃப்ட்காரர் கீழே ‘லிஃப்ட் பழுது’ என்று பலகை மாட்டுவார். இதற்கென்றே வைத்திருந்த சின்ன ஆன்டெனாவையும் சின்ன டிவியையும் லிஃப்ட்டிலேயே ஏற்றிக்கொண்டு மேலே போய்விடுவார். குடியிருப்பவர்கள் காய்கறிப் பையோடு படியேறி மூச்சு வாங்குவார்கள். “பாவம், மேல அந்த மனுஷன் தனியாக் கெடந்து மாரடிக்கறாரு” என்று பேசிக்கொள்வார்கள்.

நெஞ்சு வலி வந்ததும் அங்கேதான். காவலாளி பார்த்துச் சத்தம் போட, நான்கு பேர் சேர்ந்து அவரை நாற்காலியில் உட்காரவைத்து எட்டு மாடியும் படி வழியாக இறக்கினார்கள். ஒவ்வொரு மாடியிலும் அவர் கையைத் தூக்கி லிஃப்ட் கதவைக் காட்டினார். பேச்சு வரவில்லை.

“அதப்பத்தி இப்ப கவலப்படாதீங்க சார்” என்றார் காவலாளி. “ஒடம்பு தேறட்டும். அப்புறமா வந்து சரி பண்ணிக்கலாம்.”

ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் மாலை அவருக்குப் பேச்சு கொஞ்சம் திரும்பியது. முதலில் கேட்டது, “காத்து எப்படி?”

“அசையவே இல்ல. ஊரே வேர்த்துக் கெடக்கு.”

அவர் முகத்தில் ரத்தம் ஊறியதுபோல் இருந்தது. “நாளைக்கு விடியக்கால வரும். செவப்புப் புள்ளி. நீ வீட்டுக்குப் போ.”

“உங்கள இப்படி விட்டுட்டா?”

“நான் எங்க ஓடிடப் போறேன்? பாரு, ஒடம்பு பூரா ஒயர மாட்டி வெச்சிருக்காங்க. எனக்கு என்ன வருதுன்னு இவங்க பாத்துக்குவாங்க. அங்க என்ன வருதுன்னு நீ பாரு.”

“வந்தாலும் பாக்காதத எழுத மாட்டேன்னு நிப்பீங்களே.”

“படம் நின்னதும் போன் பண்ணு. டிவி பக்கத்துல வெச்சுப் பிடி. சத்தத்தக் கேட்டாப் போதும், சங்கத்துல ஒத்துக்குவாங்க.” கொஞ்சம் யோசித்தார். “நானும் ஒத்துக்குவேன்.”

அதனால்தான் அவள் வீட்டில் இருந்தாள். நாலரைக்கே எழுந்து மாடிக்குப் போய்ச் சிவப்புப் புள்ளிக்குத் திருப்பினாள். ஐந்து இருபதிலிருந்து திரையில் கட்டம் கட்டமாக ஏதோ உடைந்து உடைந்து வந்தது. ஐந்து நாற்பத்தேழுக்குப் பளிங்கு மாதிரி நின்றது. மெத்தை விளம்பரம். பருத்த மனிதர் ஒருவர் மெத்தையின் ஒரு பக்கத்தில் தொம் தொம்மென்று குதிக்கிறார். மறு பக்கத்தில் மனைவி அசையாமல் தூங்குகிறாள். திரையின் கீழே நிலையத்தின் பெயர். முதலில் போட்டோ, அடுத்தது போன் என்று நினைத்திருந்தாள்.

ஏழு மணிக்கெல்லாம் வீடு நிறைந்துவிட்டது. ஹாலில் நாற்காலிகள் எப்போதும் டிவியைப் பார்த்தபடிதான் கிடக்கும். வந்தவர்கள் அதில் உட்கார்ந்தார்கள். டிவி ஓடிக்கொண்டிருந்தது.

லிஃப்ட்காரரின் தங்கை அழுதுகொண்டே உள்ளே வந்தாள். “அத ஆஃப் பண்ணுங்க அண்ணி. பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?”

“இருக்கட்டும். வந்திருக்கு.”

“என்ன வந்திருக்கு?”

“நாப்பத்தொண்ணு.”

நாத்தனார் திரையைப் பார்த்தாள். பருத்த மனிதர் மறுபடி குதித்தார். “இதுக்குத்தான் எங்கண்ணன் எட்டு மாடி ஏறி உசுர விட்டானா? மெத்தைக்கா?” என்று வாயில் அடித்துக்கொண்டு அழுதாள். ஆனால் கண்ணை எடுக்கவில்லை. விளம்பரம் முடிந்து, ஒரே நிறத்தில் உடுப்பணிந்த மூன்று கிழவர்கள் உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார்கள். ஒரு வார்த்தை யாருக்கும் புரியவில்லை. துக்கத்துக்கு வந்த பெரியப்பா ஒருவர் தன்னையறியாமல் கழுத்தை இடது பக்கம் திருப்பினார். பிறகு வலது பக்கம்.

எட்டு மணிக்குச் சங்கத்துச் செயலாளரும் ஓட்டுநர் பள்ளிக்காரரும் வந்தார்கள். செயலாளர் மருந்துக்கடை வைத்திருப்பவர், விதியென்றால் உயிர். இருவரும் தலை குனிந்து நின்றார்கள். தலையை நிமிர்த்தினார்கள். அப்படியே நின்றுவிட்டார்கள்.

“இது...” என்றார் செயலாளர்.

“ஆமாங்க.”

ஓட்டுநர் பள்ளிக்காரர் தரையில் உட்கார்ந்துவிட்டார். “நான் தூங்கிட்டேன்” என்றார். “இன்னைக்குப் பாத்து நான் தூங்கிட்டேனே.” அந்த வீட்டில் அன்று அவரளவுக்கு யாரும் தேம்பி அழவில்லை. கீழ்வீட்டு அக்கா அவர் தோளைத் தட்டினாள். “மனசத் தேத்திக்கங்க தம்பி. போன வாரமே பூஜ்யத்துக்கு எறங்கிருச்சு. என் காதால கேட்டேன்.”

எட்டு மாடிக் கட்டடத்திலிருந்து ஒருவர் வந்தார். மூன்று நாளாகப் படியேறியதில் தொடையைப் பிடித்துக்கொண்டே நடந்தார். அனுதாபமெல்லாம் சொல்லி முடித்து, தயங்கித் தயங்கி, “கேக்கக் கூடாத நேரம். இருந்தாலும்... அந்த லிஃப்ட்ட இனி யாரு சரி பண்ணுவாங்க?” என்றார்.

“அது நல்லாத்தான் இருக்கு. பலகைய எடுத்துடுங்க” என்றாள் அவள்.

அவர் புரியாமல் பார்த்தார். பிறகு புரிந்தது. அவரும் அந்த நாற்காலியைத் தூக்கிய நான்கு பேரில் ஒருவர். தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

ஒன்பதேகாலுக்கு வண்டி வாசலில் வந்து நின்றது. லிஃப்ட்காரரை உள்ளே கொண்டுவந்தார்கள். வாசற்படி தாண்டும்போது திரையில் கிழவர்கள் கட்டம் கட்டமாகச் சிதறினார்கள். ஹாலில் கிடத்தியபோது டிவி கறுத்துவிட்டது. மனைவி எழுந்துபோய் மணி பார்த்தாள். ஒன்பது பதினெட்டு. கையில் எழுதிக்கொண்டாள்.

சிக்கல் அதன் பிறகுதான் வந்தது. செயலாளர் அவளை ஓரமாகக் கூப்பிட்டார். “தங்கச்சி, தப்பா நினைக்காதீங்க. படம் நின்னது அஞ்சு நாப்பத்தேழு. அவரு போனது அஞ்சு முப்பத்தொண்ணு. பதினாறு நிமிஷம் இடிக்குது.”

“அவரு பேர்ல வரணுங்க. பதினாலு வருஷம்.”

“எனக்கு மட்டும் ஆசை இல்லையா? ஆனா அஞ்சு முப்பத்தொண்ணுக்கு மேல அந்த ஆன்டெனா உங்களுக்குப் பாத்தியப்பட்டது. பிடிச்சதும் நீங்க. அப்ப சங்கத்து சாதனை உங்க பேர்ல வரணும்.”

“நான் உறுப்பினரே இல்லையே.”

“அதுக்கென்ன, இப்பவே சேத்துக்கலாம்.” சட்டைப் பையிலிருந்து படிவத்தை எடுத்தார்.

“நடு வீட்டுல பொணம் கெடக்குது, இங்க ஆள் சேக்கறீங்களா?” என்று நாத்தனார் ஒரு பாய்ச்சல் பாய்ந்தாள். செயலாளர் இரண்டு அடி பின்னால் போனார். படிவத்தை மட்டும் உள்ளே வைக்கவில்லை.

ஓட்டுநர் பள்ளிக்காரர் மூக்கைத் துடைத்துக்கொண்டு வந்தார். அவருடைய ஆயிரத்துத் தொண்ணூறு அன்றோடு இரண்டாம் இடத்துக்குப் போகிறது. “அவரு பேரையே போடுங்கண்ணே” என்றார். “அஞ்சு இருபதுக்கே கட்டம் கட்டமா வந்துச்சாம். அப்ப அவரு இருந்தாருல்ல? நான் ஆட்சேபிக்க மாட்டேன். ஆட்சேபிக்கக்கூடிய ஒரே ஆளு நான்தான்.”

செயலாளர் படிவத்தை மடித்தார், மறுபடி பிரித்தார். “ஒடஞ்ச படம் கணக்குல வராது. ஆனாலும்... நீங்க எதை எழுதிக் குடுக்கறீங்களோ அதை வாங்கிக்கறேன் தங்கச்சி. மணியப் பாக்க மாட்டேன்.” முப்பது வருடத்தில் அவர் வளைத்த முதல் விதி அது. படிவத்தை அவள் கையில் கொடுத்துவிட்டு, செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போனார்.

பத்து நாள் கழித்து அவள் வேலைக்குத் திரும்பினாள். படிவத்தையும் கொண்டுபோனாள். பல் பிடுங்க வந்த ஒருவர் உள்ளே முனகிக்கொண்டிருந்தபோது மேசையில் வைத்து நிரப்பினாள். தேதி. அலைவரிசை: நாற்பத்தொன்று. தூரம். திசை: ‘சிவப்புப் புள்ளி’ என்று எழுதி, அடித்துவிட்டு, டிகிரியில் எழுதினாள். காற்று: இல்லை. தொடங்கிய நேரம், முடிந்த நேரம். நிகழ்ச்சி: மெத்தை விளம்பரம், உடற்பயிற்சி. மூன்று படங்களையும் ஒட்டினாள்.

பெயர் என்ற கட்டத்துக்கு வந்தாள். அவர் பெயரை எழுதலாம். செயலாளர் கண்ணை மூடிக்கொள்வார், ஓட்டுநர் பள்ளிக்காரர் விட்டுக்கொடுத்துவிட்டார், உலகத்தில் தடுக்க ஆளில்லை. பேனாவை வைத்ததும், சோப்பு நுரையோடு ஒருவர் துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். சரி, தன் பெயரை எழுதலாம் என்று பார்த்தாள். எழுதினால் பதினான்கு வருடத்துக்கு அவர் கையில் ஒன்றும் இல்லாமல் போகிறது. உள்ளேயிருந்து மருத்துவர், “அடுத்தவரை அனுப்பும்மா” என்றார். அனுப்பினாள்.

படிவம் கொடுக்க வேண்டிய கடைசித் தேதியைச் செயலாளர் மூன்று முறை தள்ளி வைத்துவிட்டார். படிவம் அவள் மேசையின் இரண்டாவது இழுப்பறையில், நோயாளிகளின் நேரம் குறிக்கும் நோட்டுக்கு அடியில் இருக்கிறது. பெயர்க் கட்டம் இன்னும் நிரப்பப்படவில்லை.