நெஞ்சில் இல்லாத தசை

விளக்குப் பெட்டியில் மாட்டியிருந்த அந்த எக்ஸ்ரே படம் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. வலப்பக்க நெஞ்சைவிட இடப்பக்கம் நன்றாகக் கறுத்திருந்தது. கிளிநொச்சியில் நான் வைத்தியராக வேலைக்கு வந்த முதல் வருடம் அது. நுரையீரல் சுருங்கி, நெஞ்சுக்கூட்டுக்குள் காற்று அடைத்துவிட்டது என்றே நினைத்தேன். விலா எலும்புகளுக்கு நடுவே குழாய் செலுத்தத் தேவையானவற்றை எடுத்துவரும்படி தாதியிடம் சொல்லிவிட்டு நோயாளியிடம் போனேன்.

இரணைமடுக் குளத்தில் மீன்பிடிப்பவர், நாற்பது வயதிருக்கும். இரண்டு கிழமையாக இருமல் என்று மனைவி கூட்டிவந்திருந்தார். மூச்சுத் திணறவேண்டிய மனிதர், கட்டிலில் சாய்ந்திருந்து குளத்து நீர்மட்டத்தைப் பற்றி நீளமாகக் கதைத்துக்கொண்டிருந்தார். அது எனக்கு உறுத்தியது. சட்டைக்கு மேலேயே ஸ்டெதஸ்கோப்பை வைத்தேன். இரண்டு பக்கமும் மூச்சு ஒரேமாதிரிக் கேட்டது.

“சேட்டைக் கழட்டுங்கோ அண்ணை.”

அவர் அசையவில்லை. மனைவிதான் சொன்னார்: “சேட்டைக் கழட்டவேணும் எண்டுதான் இவர் கோயிலுக்குள்ளயும் வாறேல்லை, டொக்டர். வெளிவீதியில நிண்டு கும்பிட்டிட்டு வந்திடுவார்.”

கடைசியில் அவரே பொத்தான்களை அவிழ்த்தார். வலப்பக்கம் வலை இழுத்து உரமேறிய மார்பு. இடப்பக்கம் தோலுக்குக் கீழே நேராக விலா எலும்புகள். இரு கைகளையும் இடுப்பில் ஊன்றி அழுத்தச் சொன்னேன். வலப்பக்கத் தசை திரண்டு எழுந்தது. இடப்பக்கத்தில் எழுவதற்கு எதுவும் இருக்கவில்லை. மார்பை மூடும் பெரிய தசை இல்லாமலே பிறந்திருக்கிறார். எக்ஸ்ரே கதிர்களை மறிக்க அங்கே சதை இல்லாததால்தான் படம் கறுத்திருந்தது. திரும்பிப் போய்ப் படத்தைப் பார்த்தேன். நுரையீரலின் இரத்தக் குழாய்க் கோடுகள் விளிம்புவரை தெளிவாக ஓடின. நுரையீரல் சுருங்கியிருந்தால் அவை பாதியிலேயே நின்றிருக்கும். முதலில் நான் அவற்றைக் கவனிக்கவேயில்லை. நல்ல நுரையீரலைக் குத்தியிருப்பேன். குழாயைத் திருப்பி எடுத்துப்போகும்படி தாதியிடம் சொன்னேன்.

“இது ஏதும் நோய் வருத்தமோ, டொக்டர்?”

“இல்லை அண்ணை. அருமையா எங்கயாவது சில பேர் இப்பிடிப் பிறக்கிறவை.”

“நான் மட்டும்தான் எண்டு நினைச்சிருந்தன்” என்றார்.

இருமலுக்கு மருந்து எழுதிக் கொடுத்துவிட்டுக் கேட்டேன்: “இதோட எப்பிடி வலை வீசுறியள்?”

“சொல்லத் தெரியாது. வந்து பாருங்கோ.”

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போனேன். முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தார். இடத்தோளை முன்னே தள்ளியபோது முதுகும் இடுப்பும் சேர்ந்து சுழன்றன. வலை வானத்தில் முழு வட்டமாக விரிந்து, ஓசையில்லாமல் நீரில் இறங்கியது. ஒரு தசை செய்யவேண்டிய வேலையை மற்றத் தசைகள் எல்லாம் தங்களுக்குள் பங்குபோட்டுக்கொண்டிருந்தன. அவருக்கு அதை யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. அத்தனை வருடம் உடற்கூற்றியல் படித்த நான் கரையில் நின்று பார்த்தேன்.

“இன்னொருக்கா வீசுங்கோ அண்ணை” என்றேன்.