சாமியானாக்காரன் பாய்மரம் பிடித்த மார்கழி

நாற்பத்தாறு வயதில், சாமியானா வாடகைக் கடை வைத்திருக்கும் ஒருவன், பாய் கட்டிய பலகையில் நின்று தண்ணீரில் ஓட்டும் விண்ட் சர்ஃபிங் பழகப் போகிறேன் என்றால் சிரிப்பு வரத்தான் செய்யும். என் வீட்டிலும் சிரித்தார்கள். "கோரிப்பாளையத்துல எங்கங்க இருக்கு கடலு?" என்று கேட்டாள் என் மனைவி. கடல் வேண்டாம், ஒத்தக்கடைக்கு அந்தப் பக்கம் ஒரு கண்மாய் மழைக்கு நிறைந்து கிடக்கிறது என்றேன். "நல்லா விழுந்து கைய ஒடிச்சுக்கிட்டு வாங்க. தை முகூர்த்தத்துக்குப் பந்தல் யாரு போடுறதாம்?" என்றாள். நியாயமான கேள்விதான். அதனாலேயே கோபித்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

என்னை இதில் இழுத்துவிட்டவன் என் பள்ளிக்கூடத் தோழன். திருமங்கலம் பக்கம் விவசாயக் குடும்பம். பல வருடங்கள் துபாயில், ஒரு கடற்கரை விடுதியில் இருந்தான். பாய்மரம் பொருத்திய பலகைகளைக் கழுவி அடுக்கும் வேலையில் சேர்ந்து, பிறகு அதில் ஏறி ஓட்டவும் சொல்லிக்கொடுக்கவும் பழகியவன். வேலை போய் ஊர் திரும்பியபோது, விடுதியில் கழித்துப்போட்ட ஒரு போர்டையும் பாயையும் கப்பலில் போட்டுக் கொண்டுவந்திருந்தான். தை பிறந்ததும் ராமநாதபுரம் கடற்கரையில் ஒரு விடுதிக்காரர் அவனை வகுப்பு எடுக்க வரச் சொல்லியிருந்தார். ஒரே நிபந்தனை, போர்டு அவனுடையதாக இருக்க வேண்டும். இருந்ததோ ஒன்றே ஒன்று. அது உடைந்தால் வேலையும் போச்சு. இதை முதல் நாளே என்னிடம் சொல்லிவிட்டுத்தான் ஏறச் சொன்னான்.

"இம்புட்டு நாளும் வெள்ளக்காரங்களுக்குத்தான் சொல்லிக் குடுத்திருக்கேன் மாப்ள. நம்மாளு எந்த இடத்துல தடுமாறுவான்னு எனக்குத் தெரியணும். நீ தடுமாறு, நான் பாத்துக்கிறேன்."

தடுமாறுவதற்கு என்னைவிடப் பொருத்தமான ஆள் மதுரையில் கிடைத்திருக்க மாட்டான். மார்கழியில் எங்களுக்கு வேலையும் குறைவு. சுபுஹு தொழுகை முடித்து ஸ்கூட்டரை எடுத்தால், யானைமலைக்குப் பின்னால் வெளிச்சம் வரும்போது கண்மாய்க் கரையில் இருப்பேன்.

முதலில் தண்ணீரிலேயே விடவில்லை. அடியில் மீன் துடுப்புப் போல இருக்கும் ஃபின்னைக் கழற்றிவிட்டு, கரையில் சாக்கை விரித்து அதன்மேல் போர்டை வைத்து நிற்கச் சொன்னான். நிற்பதற்கு முன்பே விழுவதற்குச் சொல்லிக்கொடுத்தான். பின்பக்கமாக, மல்லாக்க, உட்காருவது போல விழ வேண்டும். காலை ஊன்றி இறங்கக் கூடாது, அடியில் வெட்டிவிட்ட கருவேல மரத்தின் கூரான முட்டுகள் இருக்கும். பாயின் மேல் விழக் கூடாது, கிழிந்துவிடும். நாங்கள் இருவரும் மூங்கில் கழியால் தண்ணீரைக் குத்திக் குத்திப் பார்த்து, முட்டு இருக்கும் இடத்தில் எல்லாம் ஒரு குச்சியை நட்டு, என் கடையின் கிழிந்த சிவப்புத் துணியைக் கட்டினோம். மீன் குத்தகைக்குக் காவல் இருந்தவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, "அண்ணே, இந்த வலையில எம்புட்டு மீனு விழும்?" என்று கேட்டார். "இதுல ஆளு மட்டுந்தாண்ணே விழும்" என்றான் இவன், என்னைக் காட்டி.

விழுவதில் நான் சீக்கிரமே தேறிவிட்டேன். ஒரு விஷயம் மட்டும் வரவில்லை. பாயின் குறுக்குச் சட்டத்தில் பாய்மரக் கம்பத்தை ஒட்டிப் பிடிப்பது முன்கை, தள்ளிப் பிடிப்பது பின்கை. காற்று திடீரென்று பலமாக வரும்போது அந்தப் பின்கையை விட வேண்டும். விட்டால் காற்று வெளியேறிவிடும். விடாமல் பிடித்திருந்தால் பாய் ஆளையும் தூக்கிக்கொண்டு முன்னால் விழும். கம்பம் போர்டின் மூக்கில் போய் அடிக்கும். "கைய விடு, கைய விடு" என்று அவன் கரையிலிருந்து தொண்டை கிழியக் கத்துவான். எனக்கோ காற்று வந்த உடனே இரண்டு கையும் இறுகிவிடும்.

அதற்குக் காரணம் உண்டு. இருபது வயதில், ஒரு கல்யாண வீட்டில் காற்றடித்தபோது நான் பிடித்திருந்த கம்பத்தை விட்டுவிட்டேன். அது என்னைப் பெற்ற அத்தாவின் தோளில் விழுந்தது. அவர் திட்டவில்லை. தோளில் கட்டுப் போட்டுக்கொண்டு மறுவாரமே வேலைக்கு வந்தார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன். அன்று முதல் எங்கே பந்தல் போட்டாலும் கம்பம் என் பொறுப்பு, கயிறு ஆட்களின் பொறுப்பு. காற்று வந்தால் என் கை இறுகும், அவ்வளவுதான். இதை அவனிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

பத்தாவது நாள் வாடைக்காற்று ஒரே வீச்சாக வந்தது. நான் இறுக்கிப் பிடித்தேன். என்னைத் தூக்கி முன்னால் எறிந்தது. மடாரென்று ஒரு சத்தம். தண்ணீரைத் துப்பிக்கொண்டு எழுந்து பார்த்தால் போர்டின் மூக்கில் ஒரு சாண் நீளத்துக்கு விரிசல்.

அவன் நெஞ்சளவு தண்ணீரில் ஓடி வந்தான். போர்டைத் தாண்டி நேரே என்னிடம் வந்தான். "மண்டையக் காட்டு. எங்கயாச்சும் பட்டுச்சா? பேசு மாப்ள, பேசு" என்று என் தலையைத் தடவிப் பார்த்தான். நான் செய்ததைச் சொல்ல இப்போதும் கூசுகிறது. "இதெல்லாம் ஒரு பொழப்பாடா? ஒன்ன யாரு இதத் தூக்கிட்டு வரச் சொன்னது?" என்று கத்திவிட்டு, ஈரத்துணியோடு ஸ்கூட்டரில் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன். தப்பு செய்தால் முதலில் கோபப்படுவது என் பிறவிக் குணம்.

மூன்று நாள் போகவில்லை. போனும் செய்யவில்லை. நான்காம் நாள் எங்கள் தெருவில் ஒரு பெரியவர் மௌத்தாகிவிட்டார். அந்த வீட்டு வாசலில் சாமியானா போட்டுக்கொண்டிருந்தோம். அவன் என்னைத் தேடி அங்கேயே வந்து ஓரமாக நின்றான். கையெல்லாம் ஒட்டுப் பசை. அந்த நேரம் பார்த்துக் காற்று வந்தது, துணி உப்பியது. நான் கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஆட்களைப் பார்த்துக் கத்தினேன்: "பின்னாடிக் கயித்த மட்டும் தளத்து! காத்து போகட்டும்!" தளர்த்தினார்கள். துணி படபடத்து அடங்கியது, கம்பம் அசையவில்லை.

அவன் என் பக்கத்தில் வந்து, "இப்ப என்ன சொன்ன மாப்ள?" என்றான். திருப்பிச் சொன்னேன். "அதத்தானடா நான் பத்து நாளாக் கத்திக்கிட்டு இருக்கேன். கம்பத்த யாரு விடச் சொன்னா? முன்கை கம்பத்தோடயே இருக்கட்டும். பின்கைதான் கயிறு."

மௌத்து வீட்டு வாசலில் சிரிக்கக் கூடாது. இருவரும் தலையைக் குனிந்துகொண்டோம். அப்போதுதான் அத்தாவின் தோளைப் பற்றி அவனிடம் சொன்னேன். போர்டுக்காக மன்னிப்பும் கேட்டேன்.

அவன் ராமநாதபுரத்துக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் காலை மறுபடி கண்மாய்க்குப் போனோம். மூக்கில் கண்ணாடி இழை வைத்து, பசை ஊற்றி, தேய்த்து வைத்திருந்தான். ஒட்டு தாங்குகிறதா என்று தண்ணீரில் போட்டால்தான் தெரியும். அவன் ஏறுவான் என்று நினைத்தேன். "நீ ஏறு" என்றான். வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். "ஏறு மாப்ள" என்று கரையில் உட்கார்ந்துகொண்டான்.

ஏறினேன். இரண்டு முறை மல்லாக்க விழுந்தேன், ஒன்றும் ஆகவில்லை. நடுக் கண்மாயில் காற்று வந்தது. இரண்டு கையும் இறுகத்தான் பார்த்தன. பின்கையை மட்டும் தளர்த்தினேன். பாய் படபடவென்று அடித்தது, காற்று போய்விட்டது. கம்பம் நின்றது, நானும் நின்றேன். பயத்தோடு பயமாக அக்கரை வரை போய்த் திரும்பி வந்தேன்.

அவன் போர்டைப் புரட்டி மூக்கைத் தடவினான், தட்டிப் பார்த்தான், காதை வைத்துக்கூடக் கேட்டான். "தண்ணி எறங்கல" என்றான். அப்படியே முழங்கால் தண்ணீரில் உட்கார்ந்து அழுதான். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். நன்றாக ஓட்டத் தெரிந்தவன் நீ இருக்கும்போது என்னை எதற்கு ஏறச் சொன்னாய், மறுபடி உடைத்திருந்தால் என்ன செய்திருப்பாய் என்றேன்.

முகத்தைக் கழுவிக்கொண்டே சொன்னான்: "ஒடையிறதா இருந்தா ஒங்கையாலயே ஒடையட்டும்னு நெனச்சேன். நாளைக்கு அங்க எவனோ ஒருத்தன் ஒடச்சா என்னால தாங்க முடியாது மாப்ள. நீ ஒடச்சாத் தாங்கிக்கிருவேன்."

அல்ஹம்துலில்லாஹ் என்று மட்டும் சொன்னேன். போர்டின் ஒரு முனையைத் தூக்கினேன்.