வீட்டிலிருந்து வந்த பாட்டில்

எண்பதுகளின் கடைசியில் ஊக்க மருந்து என்ற சொல் பேப்பர் வழியாக எங்கள் லைட்ஹவுஸ் குப்பத்துக்கும் வந்து சேர்ந்தது. கையோடு பொன்னேரியில் குத்துச்சண்டை நடத்திய கமிட்டிக்கும் ஞானோதயம் வந்தது. இறுதிப் போட்டியில் ஒருவனுக்கு மட்டும் மூத்திரப் பரிசோதனை என்றார்கள். அந்த ஒருவன் யாரென்று கேட்கவே வேண்டாம், என் மச்சான்தான்.

மச்சான் என் மனைவியின் தம்பி. காலையில் கடல், மாலையில் மணல் மூட்டையில் குத்து. ஜெயிப்பவனை மெட்ராஸ் தேர்வுக்கு அனுப்புவார்கள். அங்கே தேறினால் துறைமுகத்தில் வேலை. அவனுக்கு வேண்டியதெல்லாம் அந்த வேலைதான்.

எதிராளி ரைஸ்மில் முதலாளியின் மகன். போட்டியன்று காலையில் கமிட்டி வைத்திருந்த கம்பவுண்டர் அவன் இடுப்பில் ஊசி போட்டதை, போட்டி நடந்த பள்ளிக்கூடத்தின் ஜன்னல் வழியாக நானே பார்த்தேன். கேட்டால் சத்து ஊசியாம். எங்கள் பையன் இருமல் மருந்து குடித்திருந்தால்கூட அதற்குப் பெயர் போதை.

ஏன் இவனை மட்டும் என்று கமிட்டித் தலைவரிடம் கேட்டேன். ஒருவருக்குத்தான் வசதி இருக்கிறது என்றார். எங்கள் குப்பத்தை ஒட்டிய ஏரியில் யார் எந்த இடத்தில் வலை போடுவது என்பதை நாங்கள் சீட்டுக் குலுக்கித்தான் பிரிப்போம். ஊர்த் தலைவர் படகுக்கும் அதே சீட்டுதான். விழுந்த இடத்துக்கு மறுபேச்சில்லாமல் போவார். அந்தப் பழக்கத்தில், சீட்டுப் போடுங்கள் என்றேன். எங்களைப் போன்ற ஏமாளிகளுக்குத்தான் அப்படியெல்லாம் தோன்றும்.

கமிட்டித் தலைவர் சிரித்துக்கொண்டே சீட்டுப் போட்டார். சீட்டு மில்காரர் மகன் பேருக்கு விழுந்தது. தலைவரின் சிரிப்பு போய்விட்டது.

மில்காரர் மட்டும் அசரவில்லை. "பையனுக்குக் கூச்சம். வூட்ல புடிச்சி அனுப்பிடறேன்" என்றார்.

கமிட்டி மொத்தமும் தலையாட்டியது. பாரபட்சம் கூடாதாம், அதனால் மச்சானிடமும் எடுப்பார்களாம். அவன் கூச்சத்தைக் கேட்க நாதியில்லை. வேப்பமரத்தடியில், கம்பவுண்டர் முன்னால், ஜனங்கள் வேடிக்கை பார்க்கப் பிடிக்கச் சொன்னார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்துக் கொடுத்தான். கொஞ்ச நேரத்தில் மில் கணக்குப்பிள்ளை துணிப்பையில் ஒரு பாட்டிலைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். அது மகனுடையதோ, வீட்டு மாட்டுடையதோ.

இரண்டாவது ரவுண்டிலேயே மச்சான் அவனைச் சாய்த்தான். உடனே மைக்கில் அறிவித்தார்கள்: மில்காரர் மகன் பரிசோதனையில் தேறிவிட்டான், மச்சானின் முடிவு வரும்வரை அவன் வெற்றி நிறுத்திவைக்கப்படுகிறது. தோற்றவன் மெட்ராஸுக்குப் போனான்.

நாங்கள் காத்திருந்தோம். கடலிலிருந்து கரையேறியதும் மச்சான் முதலில் கேட்பது, முடிவு வந்ததா என்பதுதான். மழைக்காலமும் முடிந்தது.

ஒரு நாள் அந்தக் கம்பவுண்டரே எங்கள் கரைக்கு இறால் வாங்க வந்தார். மில்காரர் வீட்டில் விருந்தாம். பையனுக்குத் துறைமுகத்தில் வேலை கிடைத்துவிட்டதாம். மச்சானின் கூடையில் கைவிட்டுப் பெரிய இறாலாகப் பொறுக்க ஆரம்பித்தார். பரிசோதனை முடிவு என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"இன்னா முடிவு? அத எங்கனு அனுப்புறது? அன்னிக்கே மரத்தடியில ஊத்திட்டேன்" என்றார், தலை நிமிராமலே.

மச்சான் அவர் கையிலிருந்த இறாலைப் பிடுங்கிக் கூடையில் போட்டு, மேலே சாக்கைப் போட்டு மூடினான்.

"உனுக்கு இல்ல, போ."

அந்தப் போட்டியில் அவன் கைக்குக் கிடைத்த நியாயம் அவ்வளவுதான்.