டிரம்பெட்டின் வாயில் ஒரு கை

நேற்று செல்பேசியில் ஒரு ஜாஸ் கச்சேரி நேரலையாக ஓடியது. பாடகி கையை உயர்த்தியதும் அத்தனை டிரம்பெட்டுகளும் சட்டென்று நின்றன. எனக்கு அம்மாவின் கை ஞாபகம் வந்தது.

எங்கள் பேண்டு செட்டில் அப்பா டிரம்பெட் ஊதுவார், அம்மா பாடுவாள். எண்பதுகளில் ஒரு சாயங்காலம், சானமாவு காட்டுப் பக்கம் ஒரு கல்யாணத்துக்கு நடந்து போனோம். ஊர் எல்லையில் ஒருமுறை ஊதிவிட்டுத்தான் உள்ளே நுழைவது வழக்கம். அப்பா ஊதினார்.

பக்கத்து ராகிக் கொல்லையிலிருந்து ஒரு பிளிறல் பதிலாக வந்தது.

"அண்ணா, ஆனெ!" டிரம் அடிக்கும் முனியப்பாவுக்குப் பயத்தில் கன்னடம்தான் வந்தது.

இருபதடி தூரத்தில் யானை நின்றது. அதை விரட்டலாமென்று அப்பா மறுபடி டிரம்பெட்டைத் தூக்கினார். அம்மா பாய்ந்து டிரம்பெட்டின் வாயைக் கையால் அடைத்தாள்.

"ஊதாதீங்க. குட்டி இருக்குது."

மறுகையால் என்னை இடுப்போடு இறுக்கிக்கொண்டாள். புளி போட்டுத் தேய்த்த பித்தளை வாசனை மூக்கில் ஏறியது. யானை காதை விரித்துக்கொண்டு எங்களையே பார்த்தது. பிறகு குட்டியைத் தள்ளிக்கொண்டு காட்டுக்குள் திரும்பியது. அதற்கப்புறமும் அம்மா டிரம்பெட்டிலிருந்து கையை எடுக்கவில்லை.

செல்பேசியில் கச்சேரி மறுபடி தொடங்கியிருந்தது. எனக்குத்தான் கேட்கவில்லை. என் உள்ளங்கை ஸ்பீக்கரை அழுத்தி மூடியிருந்தது.